முடி தொடர்பான மன வேதனை

அந்த மலையில் பாறைக்குப் பஞ்சமில்லை. பாறைக்கேற்ற பொய்க்கும் பஞ்சமில்லை. கோடை பிறந்து, கீழே சமவெளியில் தார்ச்சாலை இளகத் தொடங்கியதும், வெந்துபோன ஜனங்கள் குடும்பம் குடும்பமாக மேலே ஏறி வருவார்கள். வந்தவர்களுக்கு உண்மையில் அங்கே செய்வதற்கு ஒன்றும் கிடையாது. குளிர் இருக்கும், நடுங்கலாம். பள்ளம் இருக்கும், எட்டிப் பார்க்கலாம். ஆனால் எட்டிப் பார்ப்பதற்குக் காசு வாங்க வேண்டுமென்றால் வெறும் பள்ளம் போதாது, பள்ளத்துக்குள் ஒரு கதை வேண்டும். அதனால் ஒவ்வொரு முனையிலும் ஒரு கைடு நின்றான். ஒவ்வொரு கைடிடமும் ஒரு கதை இருந்தது.

ஒருத்தன் கதையை இன்னொருத்தன் சொல்லக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அடுத்தவன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டால்கூடச் சிரித்துச் சமாளித்துவிடலாம். அடுத்தவன் கதையைத் தொட்டவன் அந்த சீசன் முழுக்க முனைப் பக்கம் தலைகாட்ட முடியாது. ஏரிக்கரைக்காரனிடம் மூழ்கிய கப்பல் இருந்தது. மலைமேல் இருக்கிற ஏரிக்குக் கப்பல் எந்த வழியாக வந்தது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. குகைக்காரனிடம் புதையல் இருந்தது. பெரிய முனையில் நின்ற சரித்திரத்திடம் ஒரு ராணி இருந்தாள்.

சரித்திரம் என்பது பட்டப்பெயர். பள்ளிக்கூடத்தில் அவன் தவறிய பாடமும் அதுதான். எதிரிப் படை சுற்றி வளைத்ததும் அவனுடைய ராணி அந்தப் பாறையிலிருந்து குதித்துவிடுவாள். புதுமணத் தம்பதி வந்தால் ராஜாவின் பெயரைச் சொல்லிக்கொண்டே குதிப்பாள். குழந்தைகள் வந்தால் குதிரையோடு குதிப்பாள். பல வருஷம் சளைக்காமல் குதித்தவளுக்குக் கொஞ்ச காலமாகக் கெட்ட நேரம். வருகிறவன் எல்லாம் கையில் போனோடு வருகிறான். "அப்படி ஒரு ராணியே இல்லேன்னு போட்டிருக்கே" என்கிறான்.

"போன்ல போடறதுக்கு முன்னாடியே குதிச்சிட்டாங்க சார்" என்பான் சரித்திரம். சிரிப்பார்கள். காசு தர மாட்டார்கள். சிரித்துக்கொண்டே நாலடி தள்ளி நின்ற தூரக்கண்ணிடம் போவார்கள். தூரக்கண்ணிடம் மூன்று காலில் நிற்கும் ஒரு பழைய தொலைநோக்கி இருந்தது. அவன் கதை எதுவும் சொல்வதில்லை. "பாருங்க, பாருங்க, அதோ" என்று மட்டும் சொல்வான். எதுவும் தெரியாதவர்களும் தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

சரித்திரத்தின் மனைவி அதே முனையில், இரும்பு வேலிக்குப் பக்கத்தில் சோளம் சுட்டாள். முனையில் எல்லோருக்கும் அவள் சோளத்தக்கா. ராணி குதித்தாலும் குதிக்காவிட்டாலும் குளிரில் வருகிறவனுக்குச் சூடாக ஒன்று வேண்டும் என்பதால், அந்த வீட்டில் அடுப்பெரிந்தது அவள் அடுப்பால்தான். விடிந்ததும் மூட்டையைப் பிரித்து மட்டை உரிப்பாள். பட்டுநூல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் குஞ்சத்தைப் பிய்த்தெடுப்பாள். ஈரக்கரியை ஊதி ஊதிக் கண் சிவந்து போகும். விசிறியை இடது கையில் பிடித்தபடி வலது கையால் கதிரைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மூச்சு கவனம் தப்பினால் ஒரு பக்கம் கருகிவிடும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பள்ளத்தைப் பார்க்க, அவள் மட்டும் பள்ளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சோளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு ஒரு தம்பி. பெயர் கயிறு. மலைக்கு வருகிற மனிதர்கள் கீழே தவறவிடாத பொருள் கிடையாது. போன், தொப்பி, மூக்குக் கண்ணாடி, குழந்தையின் ஒற்றைச் செருப்பு. ஒருமுறை ஒருவர் பல்செட்டைப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லவும் முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். வேலிக் கம்பத்தில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றி, பாறையின் முதல் திட்டுக்கோ இரண்டாம் திட்டுக்கோ இறங்கி, எடுத்துக்கொண்டு வருவது அவன் வேலை. கட்டைவிரல் தடிமனுள்ள கயிறு. நுனி பிரியாமல் இருக்க அக்காதான் பழைய சேலையிலிருந்து சிவப்புத் துணி கிழித்து வைத்துத் தைத்திருந்தாள். தினமும் சாயங்காலம் அதைச் சுருட்டிச் சோள மூட்டைக்கு அடியில் வைப்பதும் அவள்தான்.

வயது முப்பதைத் தாண்டியும் அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. "பாறையில தொங்கறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்" என்று பெண் வீட்டார் கேட்டார்கள். அவனும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அவன் வாழ்க்கையில் உருகி உருகிக் காதலித்தது மத்தியானத் தூக்கம் ஒன்றைத்தான். இதை இங்கேயே சொல்லி வைப்பது நல்லது. பின்னால் இதைச் சொல்ல ஆள் இருக்கப் போவதில்லை.

அந்த வருஷம் விடுதி உரிமையாளர்கள் சங்கத் தலைவருக்கு ஒரு யோசனை பிறந்தது. அவருக்கு யோசனை பிறந்தால் ஊருக்கு வேலை. கோடைக்கால உற்சாகத் திட்டம் என்று அதற்குப் பெயர் வைத்தார். படகுப் போட்டி, குதிரைச் சவாரி, நாய்க் கண்காட்சி, தம்பதிகளுக்கான சாக்கு ஓட்டம், மூத்தோருக்கான சிரிப்புப் பயிற்சி. தொடக்க விழா பெரிய முனையில். பந்தல் போட்டு, அலங்கார வளைவு நிறுத்தி, வளைவின் கால்களில் சரிகைத் துணியைச் சுற்றி, காகிதப் பூ ஒட்டினார்கள். அந்த முனையில் நிஜப் பூ வேலியோரம் சும்மா பூத்துக் கிடந்தது. இலவசமாகக் கிடைப்பதால் அதற்கு மதிப்பில்லை.

சிறப்பு விருந்தினர் ஒருவர் வந்திருந்தார். எந்த விஷயத்தில் பெரியவர் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. பெரியவர் என்பது மட்டும் நிச்சயம். அவர் உட்கார்ந்ததும் நாற்காலி சிறியதாகிவிட்டது. முகத்தைவிடத் தலைமுடி ரொம்ப இளமையாக இருந்தது. கருகருவென்று, சுருள் சுருளாக, கல்லூரியில் சேரப் போகிற பையனுடையது மாதிரி. தலைவர் அவரை மலை என்றார், இமயம் என்றார், பிறகு நாம் நிற்கும் இந்த மலையே அவர்முன் ஒரு மண்மேடு என்றார். மண்மேடு பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

காற்று மட்டும் கேட்கவில்லை. அந்த முனைக் காற்றுக்கு மரியாதை தெரியாது. சிறப்பு விருந்தினர் எழுந்து, வேலிப் பக்கம் கையை நீட்டி, "இயற்கை நம்மை அழைக்கிறது" என்று தொடங்கியதும் பள்ளத்திலிருந்து ஒரு காற்று கிளம்பி வந்தது. அவர் தலையிலிருந்ததை அப்படியே கழற்றி, வேலிக்கு மேல் ஒரு தூக்குத் தூக்கி, அந்தப் பக்கம் இறக்கியது.

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்புப் பயிற்சிக்கு வந்திருந்த மூத்தோர்கூடச் சிரிக்கவில்லை. தலைவர் நிகழ்ச்சி நிரல் அட்டையை நீட்டினார். சிறப்பு விருந்தினர் அதைத் தலைமேல் பிடித்துக்கொண்டு, இயற்கை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். தலைவர் கண்ணை மட்டும் திருப்பி, வேலியோரம் நின்ற சோளத்தக்காவின் தம்பியைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை.

கயிறு அக்காவின் அடுப்படிக்கு வந்து மூட்டைக்கு அடியில் கைவிட்டுத் துழாவினான்.

"அக்கா, கயிறு எங்க?"

"மூட்டைக்கடியிலதானே இருக்கும்."

"இல்லையே."

"நல்லாப் பாரு. நேத்து நான்தானே சுருட்டி வெச்சேன்."

"இல்லக்கா. இருந்தா கைக்குத் தட்டுப்படாதா." அவன் வேலிக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "மொத திட்டுலதான் கெடக்கு. குருவிக்கூடு மாதிரி உக்காந்திருக்கு. எறங்கறதுன்னுகூட சொல்ல முடியாது, குனியற மாதிரிதான்."

"கயிறு இல்லாம போகாத. காத்து அடிக்கறதப் பாத்தியா?"

"தலைவர் கண்ணக் காட்டிட்டாருக்கா. அந்த மனுஷனும் அட்டையப் புடிச்சுக்கிட்டு எவ்ளோ நேரம் பேசுவாரு, பாவம். கை வலிக்காது?"

"அவரு கை வலிச்சா உனக்கென்னடா?"

"கை வலிச்சாலும் அவரு பேச்சை நிறுத்த மாட்டாரு. அதுதான் பயமா இருக்கு." அவன் சிரித்தான். "சோளத்தப் பாரு. கருகவிடாத."

ரப்பர் செருப்பைக் கழற்றி, வேலியோரமாக, வீட்டு வாசலில் விடுவதுபோல் ஜோடியாக விட்டுவிட்டு அந்தப் பக்கம் கால் வைத்தான்.

அவள் கதிரைத் திருப்பினாள். ஒன்று, இன்னொன்று. ஒலிபெருக்கி கீச்சிட்டது. கூட்டம் கைதட்டியது. கைதட்டலுக்கு நடுவே சரளைக்கல் சரிகிற மாதிரி ஒரு சத்தம். லாரியில் ஜல்லி கொட்டுகிறார்கள் போல என்றுதான் அவள் நினைத்தாள். நிமிர்ந்தபோது வேலிக்கு இந்தப் பக்கம் செருப்பு இருந்தது. அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

பேச்சு முடியும்வரை யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார்.

குதிரைக்காரர்கள் கீழ்ப்பாதை வழியாகச் சுற்றிப் போய், சாயங்கால மழையில் அவனை ஒரு சேணத் துணியில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். வலது கை மூடியிருந்தது. விரலைப் பிரித்தபோது உள்ளே ஒரு கொத்து முடி. கருகருவென்று, சுருளாக. மீதி எங்கே விழுந்ததோ தெரியாது.

"பொண்ணு முடி மாதிரி இருக்கே" என்றாள் கம்பளித் தொப்பி விற்கிறவள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த முனையில் ஒரு வார்த்தை கீழே விழுந்தால் போதும். எடுத்து வந்து விற்பதற்கு ஆள் இருந்தது.

அடக்கம் முடிந்ததும் தலைவர் சோளத்தக்காவின் வீட்டுக்கு வந்தார். நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அதில் உட்கார்ந்தார். கைக்குட்டையால் கண்ணைத் தொட்டார். கைக்குட்டை காய்ந்தே இருந்தது.

"விதிம்மா. யாரு என்ன பண்ண முடியும்? ஆனா நடந்தது நடந்துபோச்சு, இனி நடக்க வேண்டியதப் பாக்கணும். விசாரணைன்னு வருவாங்க. விபத்துன்னு எழுதினா முனைய மூடிடுவாங்க. சீசன் நடுவுல மூடினா உன் அடுப்பும் சேந்துதான் அணையும். அவனா குதிச்சான்னு வெச்சுக்க, அது அவன் சொந்த விஷயம். ஒருத்தன் சொந்த விஷயத்துக்காக முனைய மூட மாட்டாங்க."

"அவன் எதுக்குங்க குதிக்கணும்?"

"கையில முடி இருந்துச்சாமே."

"அது உங்க சிறப்பு விருந்தினர் முடிங்க."

தலைவர் அவளைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அவருக்குத் தலை நிறைய முடி இருக்கும்மா. போட்டோவப் பாரு" என்றார்.

சரித்திரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் துக்கம் இருந்தது, பொய்யில்லை. துக்கத்துக்குப் பின்னால் வேறொன்றும் வேலை செய்துகொண்டிருந்தது. ராணிக்கு வசனம் யோசிக்கும்போது அவன் உதடு அசைவதை அவள் இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கும் அசைந்தது.

சோள மூட்டை துக்கம் அனுஷ்டிக்காது, வைத்திருந்தால் அழுகும். அதனால் அவள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு முனைக்குத் திரும்பினாள். விழா முடிந்தும் அலங்கார வளைவு நின்றிருந்தது, சீசன் முடியும்வரை நிற்குமாம். கரி அள்ளப் போனவள் வளைவின் பின்காலைத் தாண்டும்போது நின்றாள். மழையில் ஊறிச் சரிகைத் துணி விலகியிருந்த இடத்தில் ஒரு நுனி நீட்டிக்கொண்டிருந்தது. சிவப்புத் துணி. அவள் தையல்தான். ஒரு தையல் கோணலாகப் போய்விட்டது என்று தம்பி அவளைக் கேலி செய்த அதே கோணல்.

அன்று வீட்டில் மட்டை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"கயிற யாருங்க பந்தலுக்குக் குடுத்தது?"

சரித்திரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "எந்தக் கயிறு?"

"எத்தனை கயிறு இருந்துச்சு?"

அவன் சோற்றைப் பிசைந்தான். "வளைவு ஆடுது, கெட்டியாக் கட்ட ஏதாவது இருந்தாக் குடுன்னு தலைவர் கேட்டாரு. கேட்டவரு யாரு? தலைவர். இல்லேன்னு சொல்ல முடியுமா? விழா அன்னிக்கு எல்லாரும் நாற்காலியில உக்காந்திருப்பாங்க, எவன் எதக் கீழ போடப் போறான்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல."

அவள் உரித்த மட்டையைத் தரையில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். "அவங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். பந்தல்ல இருக்குன்னு தெரிஞ்சிருந்தா அத அவுத்துக் கட்டிக்கிட்டுத்தான் எறங்கியிருப்பான்."

"எனக்கு மட்டும் தெரியுமா, அந்தாளு தலை பறக்கும்னு?" அவன் தட்டைத் தள்ளினான். "இப்ப நீ போயி கயிறு, முடின்னு பேசினா என்ன ஆகும்? கயிறு ஏன் இல்லேன்னு கேப்பாங்க. யாரு எடுத்தான்னு கேப்பாங்க. புருஷன உள்ள தள்ளிட்டு நீ தனியா உக்காந்து சோளம் சுடுவியா? போனவன் போயிட்டான். இருக்கறவன் பொழைக்க வேண்டாமா?"

"நீங்க பொழைக்கறதுக்கு என் தம்பி எவளுக்காகவோ குதிக்கணுமா?"

"குதிச்சிட்டான்னு நான் சொல்லலியே, ஊரு சொல்லுது. நான் கொஞ்சம் ஒழுங்காச் சொல்றேன், அவ்ளோதான்."

அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. தம்பி எதற்காக இறங்கினான் என்று ஒரு மனிதன், ஒரே ஒரு மனிதன், வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இல்லாத ராணிக்கு அத்தனை சாட்சி இருந்த முனையில், இருந்து செத்தவனுக்கு ஒரு சாட்சி கிடைக்காதா என்று நினைத்தாள்.

விசாரணைக்கு வந்த அதிகாரிக்குக் குளிர். அடுப்போரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். சங்கத்து ஆட்கள் மரியாதையாகச் சுற்றி நின்றார்கள். மரியாதை என்பது யார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பதற்கு. அவளே ஒரு கதிரைச் சுட்டு, உப்பும் எலுமிச்சையும் தேய்த்து அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"ஐயா, அவன் முடி எடுக்கத்தான் எறங்கினான்."

"முடியா? யாரோட முடி?"

"விழாவுக்கு வந்த பெரியவரோடது. காத்துல பறந்துடுச்சு."

அதிகாரி சோளத்தைக் கடிப்பதை நிறுத்தினார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "இதப் பாத்தவங்க யாரு?"

ஊரே பார்த்தது. ஊர் இப்போது மேகத்தைப் பார்த்தது.

"தூரக்கண்ணு பாத்தான்யா. தொலைநோக்கியத் திருப்பி வெச்சுப் பாத்தான். நான் கண்ணால கண்டேன்."

தூரக்கண் முன்னால் வந்தான். கழுத்தைச் சொறிந்துகொண்டான். "நான் அன்னிக்கு அந்தப் பக்க மலையத்தான்யா பாத்துட்டிருந்தேன். அக்காவுக்குத் துக்கம். தம்பி போன துக்கத்துல யாருக்கும் இப்படித்தான் தோணும்."

"அடப்பாவி" என்றாள் அவள், சத்தமில்லாமல்.

"சரிம்மா, முடின்னு ஒண்ணு இருந்துச்சு. அதுல சந்தேகமில்ல" என்றார் அதிகாரி. "கையிலயே இருந்திருக்கு. நீங்களும் முடிக்காகத்தான்னு சொல்றீங்க. எல்லாரும் ஒண்ணத்தானே சொல்றீங்க." சோளத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தும் காட்டினார்: முடி தொடர்பாக ஏற்பட்ட மன வேதனையே காரணம். "கொஞ்சம் உப்புப் போடுங்க" என்றார்.

அதற்குப் பிறகுதான் நிஜமான சண்டை வந்தது. கதை யாருடையது?

சங்கக் கூட்டம் அவள் அடுப்புக்கு எதிரிலேயே நடந்தது, அங்கேதான் கதகதப்பு. தான்தான் முதலில் பார்த்தவன், அதனால் கதை தனக்கே சொந்தம் என்றான் தூரக்கண்.

"நீ அந்தப் பக்க மலையப் பாத்துட்டிருந்தேன்னு அதிகாரிகிட்ட சொன்னியேடா" என்றான் சரித்திரம்.

"அது விசாரணைக்குச் சொன்னது. இது தொழிலு."

"செத்தவன் என் மச்சினன். என் வீட்டுச் சோறு தின்னவன். நான் இருக்கும்போது இவனுக்கு எப்படிப் பாத்தியதை வரும்?"

"மாமன் மச்சினன் உறவெல்லாம் கல்யாண வீட்டுல பேசுங்க. உங்களுக்கு ஏற்கெனவே ஒரு ராணி இருக்கா. ஒருத்தருக்கு ரெண்டு கதை எந்த ஊரு நியாயம்?"

"ராணிய வேணா நீ எடுத்துக்க."

"எனக்கெதுக்கு அந்தக் கெழவி?"

தலைவர் கையை உயர்த்தினார். தீர்ப்புச் சொல்லும்போது அவர் குரல் அரை ஸ்தாயி கீழே இறங்கும். வாய்க்குச் சரித்திரம், கண்ணுக்குத் தூரக்கண் என்று பிரித்தார். கதையைச் சரித்திரம் சொல்வது. சொல்லி முடித்ததும் விழுந்த இடத்தைத் தூரக்கண் காட்டுவது. இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டார்கள். ஒரு மனிதனை இரண்டாகப் பங்கு போட்டு இவ்வளவு சுமுகமாக முடிந்த கூட்டம் அந்தச் சங்கத்தில் முன்பு நடந்ததில்லை.

கலையும்போது சரித்திரம் மெதுவாக அவள் பக்கம் குனிந்து கேட்டான். "அவன் அன்னிக்கு என்ன கலர் சட்டை போட்டிருந்தான்? கேப்பாங்க."

கதை பிய்த்துக்கொண்டு ஓடியது. பணக்கார வீட்டுப் பெண், ஏழைப் பையன். அவள் தன் கூந்தலை அறுத்துக் கொடுத்து, இதுதான் நான், இனி என்னைப் பார்க்காதே என்றாளாம். கூந்தலை முத்தமிட்டபடி அவன் பாறையின் விளிம்புக்கு நடந்தானாம். ராணியைச் சொல்லும்போது வராத நடுக்கம் சரித்திரத்தின் குரலில் இப்போது வந்தது. சொந்தச் சாவு அல்லவா. பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். போனில் தேடிப் பார்த்தவர்களுக்கும் இம்முறை செய்தி இருந்தது: முடி தொடர்பான மன வேதனை. பிறகு தூரக்கண்ணிடம் வரிசையில் நின்று இடத்தைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சோளம் தின்றார்கள். துக்கத்துக்கு நல்ல பசி எடுக்கும்.

அவள் பள்ளத்துக்கு முதுகைக் காட்டியபடியே சுட்டுக்கொண்டிருந்தாள். காதுக்கு முதுகு கிடையாது.

பிறகு ஒருநாள் ஒரு புதுமணப்பெண் சோளத்தை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"நீங்கதானா அது?"

"எது?"

"முடியக் குடுத்தவங்க. இன்னும் அதே எடத்துல காத்துட்டிருக்கீங்கன்னு அவர் சொன்னாரு. ஒரு போட்டோ எடுத்துக்கலாமாக்கா?"

சோளத்தக்கா தன் கணவனைத் தேடிப் பார்த்தாள். அவன் வேலியோரம் அடுத்த குடும்பத்துக்குக் கூந்தலை அறுத்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குப் போகிற வழியில் அவனிடம் சொன்னாள். "நான் அவனுக்கு அக்கா."

"நமக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியுமா?"

"எப்படிங்க வாய் வந்துச்சு உங்களுக்கு?"

"எல்லாரும் கேக்கறாங்க, அந்தப் பொண்ணு இப்ப எங்க, எங்கன்னு. கதைன்னா கடைசியில ஒருத்தி நிக்கணும். சும்மா கையத்தான் காட்டினேன், அந்தப் பக்கம் நீ உக்காந்திருந்த." அவன் சமாதானமாகச் சொன்னான். "சோளம் எவ்ளோ சீக்கிரம் தீருது பாத்தியா? அதுக்கு யாரு காரணம்?"

அவள் நின்றாள். மேகம் இறங்கிப் பாதையை மறைத்திருந்தது. "கரிக்கூடைய மறந்து வெச்சிட்டேன். நீங்க போங்க" என்றாள்.

முனையில் யாரும் இல்லை. வளைவின் பின்காலில் சரிகைத் துணியை விலக்கி, ஈரத்தில் இறுகிக் கிடந்த முடிச்சை நகத்தாலும் பல்லாலும் அவிழ்த்தாள். கம்பியாலும் கட்டியிருந்தார்கள், அதனால் வளைவு அசையவில்லை. வளைவுக்கு அந்தக் கயிறு தேவைப்படவே இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. துணியைப் பழையபடி சுற்றிவிட்டு, கயிற்றைச் சுருட்டிச் சோள மூட்டைக்கு அடியில், அது எப்போதும் இருக்கும் இடத்தில் வைத்தாள்.

சீசன் முடிந்தது. உற்சாகத் திட்டத்தின் நிறைவு விழாவும் பெரிய முனையில். அதே வளைவு, அதே நாற்காலி, அதே சிறப்பு விருந்தினர். முடி மட்டும் புதிது. இம்முறை இன்னும் கொஞ்சம் இளமை.

விழாவுக்கு முன்னால் அவருக்குக் கதை சொல்லிக் காட்டினார்கள். சரித்திரம் அன்று போட்டது புதுச் சட்டை. இதுவரை சொன்னதிலேயே நன்றாகச் சொன்னான். சிறப்பு விருந்தினர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, அவன் கை காட்டிய திசையில், தலைவர் பின்தொடர, சோள அடுப்பை நோக்கி நடந்து வந்தார். சோளத்தக்கா எழுந்திருக்கவில்லை. மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள்.

இவராவது, என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. யார் முடி என்று உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த மனிதர் இவர் ஒருத்தர்தானே.

"நான் அன்னைக்குப் பேசிட்டிருக்கும்போதுதான் அந்தப் பையன் குதிச்சானாம்" என்றார் அவர். கண்ணில் நிஜமாகவே நீர். "என் பேச்சைக் கொஞ்சம் காது குடுத்துக் கேட்டிருந்தா வாழணும்னு ஆசை வந்திருக்கும். அவசரப்பட்டுட்டான்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். நடிப்பு இல்லை. மறைக்கிறவன் முகம் அவளுக்குத் தெரியும், வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. இது அதுவல்ல. இந்த மனிதர் நம்பிவிட்டார்.

"சோளம் வேணுமாங்க?" என்று கேட்டாள்.

"உப்பில்லாம" என்றார் சிறப்பு விருந்தினர்.

அவர் வளைவுக்கு அடியிலிருந்த மேடையில் ஏறி, வேலிப் பக்கம் கையை நீட்டி, "காதல் என்பது" என்று தொடங்கினார். அந்த முனைக் காற்று திருந்தவே இல்லை. பள்ளத்திலிருந்து கிளம்பி வந்தது, கழற்றியது, தூக்கியது, இறக்கியது.

சிறப்பு விருந்தினர் தனக்கு நினைவுப் பரிசாகக் கொடுத்த தட்டைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டார். தலைவரின் கண் பழக்கதோஷத்தில் வேலியோரம் போய், அங்கே ஒருவரையும் காணாமல் கொஞ்ச நேரம் அலைந்தது. பிறகு சரித்திரத்தின்மேல் வந்து நின்றது.

சரித்திரம் பின்னால் திரும்பிப் பார்த்தான், வேறு யாரையாவது பார்க்கிறாரோ என்று. பின்னால் வெளியூர்க் கூட்டம் முழுக்க அவனையே பார்த்தது. சீசன் முழுவதும் அவன் வாயால் காதலையும் வீரத்தையும் கேட்ட கூட்டம். வேலியை எட்டிப் பார்த்தான். முதல் திட்டில்தான் கிடந்தது. உதட்டை நக்கிக்கொண்டு மனைவியிடம் வந்தான்.

"அந்தக் கயிறு" என்றான் தாழ்ந்த குரலில். "அன்னிக்குக் கேட்டியே. நீ எடுத்து வெச்சியா?"

மூட்டையின் அடியில், அவள் கை போய் நின்ற இடத்தில், கோணல் தையல் விரலில் தட்டுப்பட்டது. அவள் கையை வெளியே எடுத்தாள். விசிறியைப் பிடித்தாள்.

"நான் எங்க எடுத்தேன்? நீங்க கட்டினது கட்டின எடத்துலதான் இருக்கும்."

அவன் வளைவைப் பார்த்தான். வளைவுக்கு அடியில் தட்டைக் கவிழ்த்துக்கொண்டு சிறப்பு விருந்தினர் காதலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தலைவர், கண் எடுக்காமல். அவர்கள் காலடியில் குனிந்து முடிச்சு அவிழ்க்கிற துணிச்சல் சரித்திரத்துக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

"மொத திட்டுதான்" என்றான், அவளிடமா தனக்கா என்று தெரியாமல்.

"ஆமா. குனியற மாதிரிதான்" என்றாள்.

அவன் புதுச் செருப்பைக் கழற்றி வேலியோரம் ஜோடியாக விட்டான். தூரக்கண் ஓசைப்படாமல் தொலைநோக்கியைத் திருப்பினான். "வரிசையா வாங்க, வரிசையா வாங்க" என்று அவன் மெதுவாகக் கூப்பிடுவது கேட்டது.

அவள் பள்ளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, சோளம் கருகாமல் திருப்பினாள்.